கொடுத்தால் வேர் விடாது

கழுத்தை அண்ணாந்து முற்றத்து வளைவுகளைப் பார்த்து, "அடடா, இந்த வெள்ளைய எப்படித்தான் கொண்டாந்தீங்களோ! எங்க வாங்கினீங்க சுண்ணாம்பு?" என்று பாத்ரோ வாயைப் பிளக்கும்போது நீங்களும் சேர்ந்து மேலே பார்க்கக் கூடாது. அவருடைய வலது கையைப் பார்க்க வேண்டும். அது அதற்குள் ஏப்ரன் பையிலிருந்து வெளியே வந்து, பக்கத்துத் தொட்டியின் இலைகளுக்கு நடுவே போயிருக்கும். அடுத்து ஓர் இருமல். பாத்ரோவுக்குச் சளியும் கிடையாது, ஆஸ்துமாவும் கிடையாது. மே மாதத்தில் மட்டும், அடுத்தவர் முற்றத்தில் மட்டும், கத்தரிக்கோல் மூடும் நொடியில் மட்டும் வரும் இருமல் அது.

மே மாதத்தில் எங்கள் ஊரில், யார் வீட்டு முற்றத்தில் பூ அழகு என்று முற்றப் போட்டி. சுவர் முழுக்கத் தொட்டி தொங்கவிட்டவர்கள் எல்லாரும் தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கோர்தோபாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். நடுவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். பாத்ரோ ஏப்ரன் மாட்டிக்கொண்டு வருவார்.

முழுப்பெயர் பாத்ரோசினியோ. பாதுகாப்பு, ஆதரவு என்று அதற்குப் பொருள். அந்தப் பெயரால் ஊரில் எந்தச் செடிக்கும் பாதுகாப்பு கிடைத்ததில்லை.

தொழில் முடி வெட்டுவது. எங்கள் தெருவின் நடு வீட்டில் முன்னறைதான் கடை. சுழல் நாற்காலி ஒன்று, தலையைக் கவிழ்த்து மூடி விமான இரைச்சலுடன் ஓடும் ட்ரையர் ஒன்று, கண்ணாடிக்கு மேலே கன்னி மாதா, மாதாவுக்குப் பக்கத்தில் பாத்ரோவின் கணவர் எவாரிஸ்தோவின் சீருடைப் படம். முன்னறையைத் தாண்டினால் முற்றம். முடிக்குச் சாயம் பூசும்போது சுற்றுகிற அலுமினியத் தாள்தான் பாத்ரோவின் களவுக் கருவி. திருடிய தண்டின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து, தாளால் ஒரு சுற்று சுற்றி, பையில் போட்டுக்கொள்வார். கடைக்கு வருகிறவர்களின் தலையிலும் தோட்டத்துத் தொட்டியிலும் ஒரே வெள்ளித் தாள் பளபளக்கும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். "நுனிய வெட்டலேன்னா அடர்த்தி வராது. தலைக்கும் சரி, செடிக்கும் சரி. ஆனா செடி வீட்டுக்குப் போய்க் கண்ணாடியப் பாத்துட்டு அழாது."

எவாரிஸ்தோ நகரசபைப் போலீஸில் இருந்தவர். உயிரோடு இருந்தவரை போட்டி நாட்களில் மனைவியுடன் சீருடையில் ஒவ்வொரு முற்றமாக வருவார். போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார் என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகக் காப்பி போட உள்ளே போவார்கள். பாத்ரோவின் தோட்டத்தில் பாதி அந்தக் காலத்தில் சேர்ந்தது. "நல்ல மனுஷன். கடைசி வரைக்கும் ஒரு திருடனக்கூடப் புடிக்கல" என்று படத்தைத் துடைத்தபடி சொல்வார். "பக்கத்துலயே படுத்திருந்தவள புடிக்கல. வெளியில போய் எங்க புடிக்க?"

ஒருநாள் தலையில் ரோலர்களுடன் உட்கார்ந்திருந்த தபால்காரர் மனைவி கேட்டே விட்டாள்: "கேட்டா கொடுக்க மாட்டாங்களா, பாத்ரோ?"

"கொடுப்பாங்க. அதாண்டி பிரச்சினையே."

"கொடுத்தா என்ன?"

"கொடுத்தது வேர் விடாது. கொடுக்கும்போது அவங்களுக்கு என்ன ஆகுது? மனசு குளுந்து போகுது. குளுந்த மனசோட வர்ற தண்டு அழுகித்தான் போகும். உடையவளுக்கு வயிறு எரியணும். அந்தச் சூட்டுலதான் வேர் கிளம்பும்."

"காசு கொடுத்து வாங்கினா?"

"ஒரு கோடை தாங்கும். அதுக்கு மேல அது கடைக்காரன் செடி."

எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள் குறைவு. பாத்ரோ அளவுக்கு இதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் அதைவிடக் குறைவு. திருடுவதில் மட்டுமல்ல, திருட விடுவதிலும் அவருக்கு முறை உண்டு. முற்றத்துக்கு வந்தவரைப் பிடித்துப்போனால், "அடுப்புல என்னமோ கருகுது, இதோ வந்துடறேன்" என்று உள்ளே போய்விடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. வந்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் கைப்பையில் நகவெட்டியாவது வைத்திருப்பார். அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து பாத்ரோ தெருவில் வந்து நின்று, "எந்த நாசமாப் போறவ என் செடிய ஒடிச்சா? அவ கை விளங்குமா?" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்துவார். அது கடமை. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தண்டு பிழைக்காது. கத்தி முடித்துவிட்டு, குரல் சரியாக ஏறியதா என்று எதிர்வீட்டுக்காரனான என்னிடம் புருவத்தால் கேட்பார். நானும் ஏறியது என்று தலையாட்டுவேன்.

பிடிக்காதவர்களுக்கு வேறு மரியாதை. போன வருடம் வரி மதிப்பிட வந்த அதிகாரிக்கு, அவர் கேட்காமலேயே, மூன்று நல்ல தண்டுகளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அந்த மனிதர் நெகிழ்ந்துபோனார்.

முதல் மழை விழுந்ததும், அக்டோபரில், சதுக்கத்தில் செடிச் சந்தை கூடும். மண் நனைந்து வெயில் தணிந்த அந்த மாதத்தில்தான் நாங்கள் எதையும் நடுவோம். தோட்டக் கழகத்தார் அங்கே நீள மேசை போட்டு, தண்டுகளைப் பெயர்ச்சீட்டோடு அடுக்கி, 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைப்பார்கள். ஒரு வருடம் மேசையில் பாத்ரோவிடம் இல்லாத பால்நிற ரோஜா ஒன்று இருந்தது. பாத்ரோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கழகத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோங்க அம்மா, கூச்சப்படாதீங்க" என்றார். பாத்ரோவின் முகம் வெந்நீர் ஊற்றியது போலாயிற்று. கடைசியில் அவர் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை; கழகத் தலைவரின் கோட்டுப் பொத்தான் துளையில் செருகியிருந்த அதே ரோஜாவின் துண்டு, தலைவர் மேடையிலிருந்து இறங்கும்போது காணாமல் போயிருந்தது. இப்போது அது பாத்ரோவின் கிணற்றோரத்தில் ஆளுயரம் நிற்கிறது.

திருடுவது பாதி வேலைதான். மீதியைப் பார்த்தால் யாருக்கும் கேலி வராது. ஜெரேனியப் பூச்செடியின் தண்டை ஒருநாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகே நடுவார். பூவும் மொட்டும் இருந்தால் இரக்கமில்லாமல் கிள்ளிவிடுவார். தயிர்க் கிண்ணத்தில் ஆற்று மணல். மணலில் விரல் விட்டு ஈரம் பார்த்த பிறகுதான் தண்ணீர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வானம் ஒரு சொட்டுத் தராத ஊர் இது. விடிவதற்குள் நீண்ட மூங்கில் கழி நுனியில் தகர டப்பாவைக் கட்டி, சுவரின் உச்சித் தொட்டி வரை ஒவ்வொன்றாக ஊற்றுவார். எதற்கு அரை டப்பா, எதற்கு வெறும் நனைப்பு என்பது கைக்குத் தெரியும். ஆகஸ்டில் யாராவது தோட்டத்தைப் புகழ்ந்தால் வாயை மூடச் சொல்வார். "செப்டம்பர்ல வந்து சொல்லு. இப்ப இதெல்லாம் ஆஸ்பத்திரி."

இத்தனை செடிக்கும் நடுவே ராஜாவாக இருந்தது 'பிஷப்.' ஏறக்குறையக் கறுப்பு என்று சொல்லத்தக்க ஊதா இதழ், விளிம்பில் கழுத்துப்பட்டை போல ஒரு வெள்ளைக் கோடு. கன்னிமாடத்தின் கம்பி ஜன்னலிலிருந்து பாத்ரோ இளவயதில் எடுத்து வந்த கொடி ஜெரேனியம். "அத்தன கன்னியாஸ்திரிங்க நடுவுல பிஷப்புக்கு என்ன வேலை? வெளியில கூட்டியாந்தேன்" என்பார். கன்னிமாடம் பிறகு மூடப்பட்டு ஹோட்டலானது; ஜன்னல் தொட்டிகள் குப்பைக்குப் போயின. ஊரில் பிஷப் இருந்த ஒரே இடம் பாத்ரோவின் சுவர்.

பிறகு ஒரே தோழியின் சுவரிலும் இருந்தது. அவர் பெயர் பெகோன்யா. எங்கள் ஊர்ப் பால்தொமேரோவைக் கட்டிக்கொண்டு பில்பாவோவிலிருந்து வந்தவர். வாரம் நாலு நாள் மழை பெய்யும் வடக்கு ஊர். எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் வளர்ப்பு. வந்த புதிதில் பாத்ரோ அவரை 'பிகோனியா' என்று நிழல்செடியின் பெயரால் கூப்பிட்டார். "நிழல்ல வெச்சுக்கங்கப்பா, வெயில் பட்டா வாடிடும்." இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வாடி, போடி, ஏண்டி என்று தெருவே அதிரும். பிஷப் பூத்திருந்த ஒரு வசந்தத்தில் பாத்ரோ, "அடுப்புல கருகுது" என்று பெகோன்யாவுக்காக உள்ளே போனார். பெகோன்யா எடுத்துப் போன தண்டு பிழைத்தது. இரண்டு வருடத்தில் ஒரு சுவரையே மூடியது. போன வருடத்துக்கு முந்திய போட்டியில் முதல் பரிசும் வாங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். பரிசு வாங்கிய மறுநாள், கடை நிறைய ஆள் இருந்தபோது, பெகோன்யா புதுத் தொட்டியில் ஓர் இளம் பிஷப்பை நட்டு, மஞ்சள் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். பாத்ரோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "உன்னாலதாண்டி. ரொம்ப நன்றி. இது உனக்கு" என்றார். ட்ரையருக்குள் இருந்த பெண் ட்ரையரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பாத்ரோ தொட்டியை வாங்கி, மூத்த பிஷப்பின் பக்கத்தில் வைத்தார். ஆகஸ்டில் இரண்டும் போயின. தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும் பச்சைப் புழு. எங்கிருந்து வந்தது என்று புழுவைத்தான் கேட்க வேண்டும். பாத்ரோ கேட்கவில்லை. "நன்றி சொல்லிச் சொல்லியே கொன்னுட்டா" என்றார். அன்றிலிருந்து அவர்களுக்குள் 'நீங்க' வந்தது. எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது. பெகோன்யா முடி வெட்ட அடுத்த ஊருக்குப் போகத் தொடங்கி, ஆரஞ்சு நிறத் தலையோடு திரும்பி வந்தார். எதிரே வந்த பாத்ரோ கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

பிஷப் தொங்கிய இரும்பு வளையத்தில் பாத்ரோ வேறெதையும் மாட்டவில்லை. போன வருடம் நடுவர் ஒருவர், "இது ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டதற்கு, "பிஷப் வெளியூர் போயிருக்காரு" என்று பதில். பெகோன்யாவோ, நல்ல மனத்தோடு, பாத்ரோவைத் தெருவில் காணும்போதெல்லாம், "ஒரு தண்டு வெட்டித் தரேங்க, எடுத்துக்கங்க" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவந்தார். அதுதான் கொடுமை. இப்படி ஊரறியக் கொடுத்துவிட்ட பொருளை எந்த முகத்தோடு திருடுவது?

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பால்தொமேரோ முடி வெட்டிக்கொள்ள வந்தார். நான் அடுத்த ஆளாகக் காத்திருந்தேன்.

"காது பக்கம் கொஞ்சம் குறைச்சிடு, பாத்ரோ."

"வருஷா வருஷம் காது வளருது, முடி குறையுது உங்களுக்கு. எதக் குறைக்க?"

"சரி, உன் இஷ்டம்." கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்திருந்துவிட்டு, "வீட்டுல பிஷப்புக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

கத்தரிக்கோல் நின்றது.

"எங்க?"

"தண்டுல ஓட்டை. கறுத்துக்கிட்டே வருது. மேல கொஞ்சந்தான் பச்சையா நிக்குது. பெகோன்யா வெட்டி வெச்சுப் பாத்தா. வெச்சதெல்லாம் அழுகிப்போச்சு."

"தண்ணி ஊத்தினாங்களா?"

"தினம்."

"தினமுமா? ஏங்க, அது ஜெரேனியமா மீனா?"

"அவ ஊர்ப் பழக்கம். என்ன பண்ணச் சொல்ற?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் கை பட்டாத்தான் பிழைக்கும்ங்கறா. ஒரு தண்டு கொடுத்தனுப்பட்டுமான்னு..."

"கொடுக்கறதா? வாயக் கழுவுங்க. அந்த வீட்டுலேருந்து இன்னொரு தடவை ரிப்பன் கட்டி ஏதாவது வந்துச்சு, உங்களுக்கு மொட்டை போட்டு அனுப்பிடுவேன்."

"சரி, அப்ப நீயே வந்து திருடிக்கயேன்."

"நீங்க வான்னு சொல்லி நான் வந்தா அது திருட்டா? விருந்து!"

இந்தக் கோபத்தில் மறுகாதுப் பக்கம் மறந்துபோயிற்று. பால்தொமேரோ ஒரு பக்கம் குறைத்தும் ஒரு பக்கம் குறைக்காமலும் எழுந்து போனார். மீண்டும் வந்து உட்காரத் துணியவில்லை. போட்டி முழுக்க அந்தத் தலையோடுதான் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றார்.

அந்த நாட்களில் பாத்ரோவின் கை எதிலும் ஓடவில்லை. ஒரு முற்றத்திலும் இருமல் கேட்கவில்லை. மணல் நிரப்பிய ஒரு தயிர்க் கிண்ணம் மட்டும் கடைக் கண்ணாடியின் அடியில் வெறுமனே இருந்தது. சீப்பு எடுக்கும் போதெல்லாம் அதில் விரலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டார்.

போட்டியின் கடைசி ஞாயிறு, சாயங்காலம். கதவுகளை மூடப்போகிற நேரம். பெகோன்யா வீட்டுக் கிணற்றடியில் நான் நின்றிருந்தபோது ஏப்ரன் உள்ளே வந்தது. சண்டைக்குப் பிறகு பாத்ரோ அந்த வாசலை மிதித்தது அன்றுதான்.

பிஷப் சுவரிலிருந்து இறக்கப்பட்டு, கிணற்றுச் சுவரின் மேல், கட்டிலில் கிடக்கும் நோயாளி மாதிரி இருந்தது. பாதிக்குமேல் கறுப்பு. பக்கத்தில் நாற்காலியில் பெகோன்யா.

"வாங்க" என்றார்.

"கதவு தொறந்திருந்துச்சு."

"எல்லாருக்குந்தான் தொறந்திருக்கு. உக்காருங்க."

"நிக்கறேன்." பாத்ரோ அண்ணாந்து வளைவுகளைப் பார்த்தார். "சுண்ணாம்பு பரவாயில்ல."

பெகோன்யா அவரையே பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அடுப்புல என்னமோ கருகுது" என்றார். ஆனால் உள்ளே போகப் படி ஏற வேண்டும், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அங்கேயே திரும்பி, சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்தபடி நின்றார்.

"நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்காதீங்க."

பாத்ரோ தண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஆச்சா?"

"இருங்க. இதுலயும் புழு போயிருக்கு."

"மேல, இடது பக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க, அது நல்லா..."

"நீங்க சொல்லாதீங்க! சொன்னா எப்படி?"

சக். இருமல் இல்லை. ஈரப் பஞ்சு, வெள்ளித் தாள், ஒரு சுற்று. பிறகு பாத்ரோ அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "பிரயோஜனமில்ல" என்றார்.

பெகோன்யா திரும்பினார். "ஏன்?"

"தெரிஞ்சே முதுகக் காட்டினீங்க. இதுவும் கொடுத்த மாதிரிதான். வேர் விடாது."

"அன்னிக்கு நீங்களும் தெரிஞ்சுதான உள்ள போனீங்க? எனக்கு மட்டும் எப்படி வேர் விட்டுச்சு?"

"நீங்க போனப்புறம் தெருவுல நின்னு கத்தினேன்ல."

"என்னையா?"

"பின்ன? நாசமாப் போறவளேன்னு. மனசார. தொண்ட கட்டிப்போயி அடுத்த நாளு கஸ்டமருக்கெல்லாம் சைகைதான்."

பெகோன்யாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆரஞ்சுத் தலை மெல்ல ஆடியது. "எனக்காகவா" என்றார், கண் கலங்கியது. பாத்ரோ பதறிப்போய், "நன்றி கின்றின்னு ஆரம்பிச்சிடாதீங்க" என்று பொட்டலத்தைக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தார். வாசலைப் பார்த்து ஓரடி எடுத்தார்.

பெகோன்யா பொட்டலத்தைப் பார்த்தார். பாத்ரோவைப் பார்த்தார். மூலையில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தார்.

"அடி திருடி!"

பாத்ரோ திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என் பிஷப்பை வெட்டிட்டாளே! நாசமாப் போறவளே, உன் கை விளங்குமாடி? ஏங்க, புடிங்க அவள!"

பாத்ரோவின் கை பாய்ந்து பொட்டலத்தை அள்ளியது. அடுத்த கணம் அவர் முற்றத்தில் இல்லை. கதவடியில் நின்ற பால்தொமேரோ, பிடிக்க வேண்டியவர், மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். காலமெல்லாம் நின்றே முடி வெட்டி நரம்பு சுருண்ட கால்களோடு பாத்ரோ கல் பாவிய தெருவில் ஓடினார். பின்னால் துடைப்பமும் முழங்கால்களுமாகப் பெகோன்யா. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிய சுற்றுலாக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். "நில்லுடி! இன்னிக்கு உன்ன விடறதா இல்ல!" என்ற குரல், நான் சாட்சி சொல்வேன், தெருக்கோடி வரைக்கும் ஏறியது.

குழாயடி திருப்பத்தில் பெகோன்யாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. துடைப்பத்தை ஊன்றி, குனிந்து, மூச்சு வாங்கினார். முன்னால் ஓடிய பாத்ரோவும் நின்றுவிட்டார். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குழாய்த் தொட்டியில் சாய்ந்து, வேறெங்கோ பார்ப்பது போலக் கூரைகளைப் பார்த்தார். பெகோன்யா காலைத் தேய்த்து முடித்து, நிமிர்ந்து, துடைப்பத்தை மறுபடி ஓங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஓடத் தொடங்கினார்.